மார்பக இம்ப்ளான்ட்: கணக்கு யாரிடம் இருக்கிறது?

மார்பகத்தில் சிலிகோன் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு, அதைச் சுற்றி ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் வரக்கூடும். அது எத்தனை பெண்களில் ஒருவருக்கு வருகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். நோய் வந்தவர்களின் எண்ணிக்கை சிரமமில்லாமல் கிடைத்தது. அந்த நாட்டில் திசுப் பரிசோதனை முடிவுகள் அனைத்தும் ஒரே தேசியப் பதிவேட்டில் சேர்வதால், 32 பெண்கள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் நாட்டில் மொத்தம் எத்தனை பெண்களின் உடலில் இம்ப்ளான்ட் இருக்கிறது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. வேறு வழியின்றி, மற்ற காரணங்களுக்காக எடுக்கப்பட்டிருந்த மார்பு எக்ஸ்ரே படங்களைப் பார்த்து, எத்தனை படங்களில் இம்ப்ளான்ட்டின் நிழல் தெரிகிறது என்று எண்ணினார்கள். 20 முதல் 70 வயது வரையிலான பெண்களில் 3.3 சதவீதம் பேரிடம் இருக்கலாம் என்ற மதிப்பீடு அப்படித்தான் வந்தது. அதன் பிறகே, இம்ப்ளான்ட் உள்ள பெண்களில் ஏறத்தாழ 7,000 பேரில் ஒருவருக்கு 75 வயதுக்குள் இந்நோய் வரலாம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. மருத்துவ வசதியில் முன்வரிசையில் நிற்கும் ஒரு நாட்டிலேயே நிலைமை இதுதான். இந்த அறுவை சிகிச்சையின் பின்விளைவுகளைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேசும்போது நாம் ஸ்கேன் கருவிகளைப் பற்றியே பேசுகிறோம். கருவிகள் வேண்டும்தான். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தத் துறையில் உண்மைகளைத் தாமதப்படுத்தியது கருவிப் பஞ்சமல்ல. யாருக்கு, என்ன பொருள், எப்போது வைக்கப்பட்டது என்ற எளிய கணக்கு வைக்கப்படாததே.

முதல் சிலிகோன் இம்ப்ளான்ட் 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தாமஸ் கிரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு அறுவை சிகிச்சை நிபுணர்களால் ஒரு பெண்ணுக்கு வைக்கப்பட்டது. மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவுக்கு 1976-ல்தான் வந்தது. அதற்குள் சந்தையில் நிலைத்துவிட்ட பொருள் என்பதால் இம்ப்ளான்ட் தொடர்ந்து விற்பனையானது. பாதுகாப்பானது என்பதற்கு நிறுவனங்கள் போதிய ஆதாரம் தரவில்லை என்று சொல்லி, 1992-ல் சிலிகோன் ஜெல் இம்ப்ளான்ட்டைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து எஃப்டிஏ நிறுத்தியது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்களுக்கும் ஆய்வில் சேர்ந்தவர்களுக்கும் மட்டும் விலக்கு. பொருள் வந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆதாரம் எங்கே என்ற கேள்வி! 2006-ல் மீண்டும் அனுமதி வந்தபோது ஒரு நிபந்தனையும் வந்தது: அனுமதி பெற்ற இரு நிறுவனங்களும் ஆளுக்குச் சுமார் 40,000 பெண்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். எஃப்டிஏ 2011-ல் கணக்குப் பார்த்தபோது, ஒரு நிறுவனத்தின் ஆய்வில் மூன்றாம் ஆண்டிலேயே தகவல் தந்தவர்கள் 21 சதவீதம்தான். மற்றொன்றில் இரண்டாம் ஆண்டில் 60 சதவீதம். விற்பவரிடமே கண்காணிப்பையும் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இத்தனை ஆண்டுகள் கவனிக்க வேண்டியது ஏன் என்றால், இந்தப் பொருள் ஆயுள் முழுக்க நீடிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. தோற்றத்துக்காக வைத்துக்கொள்பவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் அதை எடுக்க நேர்கிறது என்றும், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்புக்காக வைத்துக்கொள்பவர்களில் இது பாதிப் பேர் வரை போகலாம் என்றும் எஃப்டிஏ 2011-ல் சொன்னது. உப்புநீர் நிரப்பிய இம்ப்ளான்ட் கிழிந்தால் மார்பகம் சுருங்கிவிடும், பெண்ணுக்கே தெரிந்துவிடும். சிலிகோன் ஜெல் அப்படியல்ல. எந்த அந்நியப் பொருள் உள்ளே போனாலும் உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை கட்டுகிறது. இம்ப்ளான்ட்டின் மேலோடு கிழிந்தாலும் ஜெல் அந்த உறைக்குள்ளேயே தங்கிவிடுவதால் வலியும் இருக்காது, வடிவமும் மாறாது. இதை ‘சத்தமில்லாத கிழிசல்’ என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையில் இது பெரும்பாலும் பிடிபடாது. உறைக்குள் நடக்கும் கிழிசலை மேமோகிராமும் பொதுவாகக் காட்டாது. அல்ட்ராசவுண்ட் ஓரளவு காட்டும். எம்ஆர்ஐ மிகத் துல்லியமாகக் காட்டும். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை என்பது எஃப்டிஏயின் இப்போதைய பரிந்துரை. இந்தப் பரிந்துரை யாரை நம்பி நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆறாவது ஆண்டில் அந்தப் பெண் வேறு ஊரில் இருக்கலாம். அறுவை சிகிச்சை செய்த கிளினிக் மூடப்பட்டிருக்கலாம். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவரை ஸ்கேனுக்கு அழைக்க அவருடைய பெயரும் கைபேசி எண்ணும் ஏதோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டும்.

அந்த நிணநீர்ப் புற்றுநோயின் கதையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இம்ப்ளான்ட்டை ஒட்டி இந்நோய் வந்த முதல் பெண்ணைப் பற்றி மருத்துவ இதழில் எழுதப்பட்டது 1997-ல். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எஃப்டிஏ பொதுமக்களுக்கு முதலில் எச்சரித்தது 2011-ல். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ‘பயோசெல்’ வகை இம்ப்ளான்ட்டுகளை உலகச் சந்தையிலிருந்து அலர்கான் நிறுவனம் திரும்பப் பெற்றது 2019 ஜூலையில். அப்போது எஃப்டிஏ கணக்கில் உலக அளவில் 573 பெண்களுக்கு இந்நோய் வந்திருந்தது. 33 பேர் இறந்திருந்தார்கள். அந்த 573-ல் 481 பேரிடம் இருந்தது அலர்கான் தயாரிப்பு. முதல் அறிகுறிக்கும் இறுதி நடவடிக்கைக்கும் நடுவே 22 ஆண்டுகள். ஓர் ஊரில் ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் இப்படி ஒரு நோயாளியைப் பார்ப்பதே அபூர்வம். தனித்தனியாகப் பார்க்கும்போது அது விதிவசமாகத் தெரியும். ஒரே பதிவேட்டில் சேர்த்துப் பார்க்கும்போதுதான், இத்தனை பேரிடமும் இருப்பது ஒரே வகை மேற்பரப்பு என்ற உண்மை கண்ணில் படும்.

இந்நோய் சீக்கிரம் தெரிந்தால் குணமாகக்கூடியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இம்ப்ளான்ட் வைத்து ஏழு முதல் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பக்க மார்பகம் திடீரென வீங்குகிறது. உள்ளே நீர் கோத்திருக்கிறது. அந்த நீரை ஊசியால் எடுத்து, சிடி30 என்ற குறியீட்டைத் தேடும் பரிசோதனைக்கு அனுப்பினால் நோய் பிடிபடும். ஆரம்ப நிலையில் இம்ப்ளான்ட்டையும் சுற்றியுள்ள உறையையும் முழுமையாக அகற்றுவதே பெரும்பாலோருக்குப் போதுமான சிகிச்சை. ஆனால் வீக்கத்தோடு வரும் பெண்ணிடம் இம்ப்ளான்ட் பற்றிக் கேட்காமல், தொற்று என்று கருதி நீரை உறிஞ்சிக் கொட்டிவிட்டு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால், கையில் கிடைத்த சாட்சியம் குப்பைத் தொட்டிக்குப் போய்விடுகிறது. இந்தப் பரிசோதனைக்கு அதிநவீனக் கருவி வேண்டாம். இவரிடம் இம்ப்ளான்ட் இருக்கிறது, இன்ன வகை, இன்ன ஆண்டு என்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தால் போதும். தோற்றத்துக்காகச் செய்துகொண்ட சிகிச்சையைக் குடும்பத்தாரிடமே சொல்லாத பெண்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் புதிய மருத்துவரிடம் தாமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிரான்ஸில் நடந்ததோ வெளிப்படையான மோசடி. தென் பிரான்ஸில் ஜான் குளோட் மாஸ் நடத்திய ‘பிப்’ என்ற நிறுவனம், மருத்துவத் தரச் சிலிகோனுக்குப் பதிலாகத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மலிவான சிலிகோனை நிரப்பி உலகெங்கும் விற்றது. சுமார் 3 லட்சம் பெண்கள் அதை உடலில் வைத்துக்கொண்டார்கள். தரச் சான்று வழங்கிய ஜெர்மானிய அமைப்பு ஆலைக்கு வருவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வரும். 2010 மார்ச்சில் பிரெஞ்சு அரசின் ஆய்வாளர்கள் ஆலைக்குள் நுழைந்த பிறகே மோசடி வெளிப்பட்டது. மாஸுக்கு 2013-ல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இந்த வழக்கில் என்னை அதிகம் உலுக்குவது பிரிட்டனின் நிலைமை. அங்கே 1993 முதல் மார்பக இம்ப்ளான்ட்டுகளுக்குத் தேசியப் பதிவேடு ஒன்று இருந்தது. பெயரைப் பதிவு செய்யப் பெண்கள் பலர் சம்மதிக்கவில்லை என்பதால் 2006-ல் அதை மூடிவிட்டார்கள். நான்கே ஆண்டுகளில் ‘பிப்’ வெடித்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பெண்கள், என்னிடம் இருப்பது அதுதானா என்று தெரியாமல் தவித்தார்கள். தனியார் கிளினிக்குகள் சிலவற்றில் ஆவணங்களே சரியாக இல்லை. அரசு அமைத்த நிபுணர் குழு, மற்றத் தயாரிப்புகளைவிட ‘பிப்’ குறைந்தது இரண்டு மடங்கு அதிகமாகக் கிழிகிறது என்றும், ஆனால் நீண்டகால நச்சுப் பாதிப்புக்கு ஆதாரமில்லை என்றும் சொன்னது. கூடவே பதிவேட்டை மறுபடி தொடங்கச் சொன்னது. 2016-ல் அது மீண்டும் வந்தது. இடையிலிருந்த பத்து ஆண்டுகளின் விலையைப் பெண்கள் கொடுத்தார்கள்.

இந்தியாவில் இப்போது இருப்பது மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம். மருத்துவக் கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015-ல் தொடங்கப்பட்டது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் நடத்துகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் பாதிப்பு நேர்ந்த பிறகு மருத்துவர் மனம் வைத்து எழுதி அனுப்பினால்தான் தகவல் சேரும். எத்தனை பேருக்குப் பொருத்தப்பட்டது என்ற எண்ணிக்கை அதில் இல்லை. பத்துப் புகார்கள் வந்தால், அது நூறு பேரில் பத்தா, லட்சம் பேரில் பத்தா என்று சொல்ல முடியாது. மார்பக இம்ப்ளான்ட் ஒவ்வொன்றையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இந்தியாவில் இல்லை. இதன் விளைவை நாம் வேறொரு பொருளில் பார்த்துவிட்டோம். ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிப்யூ நிறுவனம் தயாரித்த ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டுகள் 2010-ல் உலக அளவில் திரும்பப் பெறப்பட்டன. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அவை பொருத்தப்பட்டிருந்தன. மத்திய அரசின் நிபுணர் குழு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கெடுத்தபோது, கண்டறிய முடிந்தவர்கள் ஆயிரத்துக்குச் சற்று அதிகம் மட்டுமே. மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியாத நிலையில் இழப்பீட்டை யாருக்குக் கொடுப்பது? ஒரு பைக் வாங்கினால் ஆர்சி புக்கில் சேசிஸ் எண் முதல் பதிவாகிவிடுகிறது. பிரேக்கில் கோளாறு என்று நிறுவனம் அறிவித்தால் வீட்டுக்குத் தகவல் வருகிறது. உடலுக்குள் வைக்கும் பொருளுக்கு அந்த அளவு மரியாதையும் இல்லை.

கட்டாயப் பதிவேடு என்றதும் முதலில் எழும் எதிர்ப்பு, இது வசதி படைத்தவர்கள் அழகுக்காகச் செய்துகொள்வது, அதற்கு அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்பது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். மார்பகத்தை முழுதாக அகற்றிய பிறகு சீரமைப்புக்காக இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளும் பெண் அழகு தேடிப் போனவர் என்று யாரால் சொல்ல முடியும்? தம் பாலினத்துக்கேற்ற உடலை வேண்டிச் செய்துகொள்ளும் திருநங்கையரும் இருக்கிறார்கள். இவர்களையெல்லாம் விட்டுவிட்டு, தோற்றத்துக்காக மட்டும் செய்துகொண்ட பெண்ணை எடுத்துக்கொண்டாலும் என் பதில் மாறாது. அனுமதி பெற்ற பொருளை, உரிமம் பெற்ற மருத்துவமனையில், பணம் கொடுத்துப் பொருத்திக்கொண்டவர் அவர். அந்தப் பொருளில் குறை தெரியவந்தால் அவருக்குச் சொல்லும் கடமை, அவர் என்ன காரணத்துக்காகப் போனார் என்பதைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யாது. ஆசைக்குத் தண்டனையாக நோயைப் பார்க்கும் மனப்பான்மைதான் இந்தப் பெண்களை மறைந்து வாழச் செய்கிறது. மறைவே நோயைத் தாமதப்படுத்துகிறது.

அரிதான ஆபத்தைப் பற்றிப் பேசிப் பீதி கிளப்புகிறீர்கள் என்பது மருத்துவர்கள் சிலரின் வாதம். இதில் நியாயம் உண்டு. அறிகுறி இல்லாத பெண்கள், பயோசெல் வகையே வைத்திருந்தாலும், புற்றுநோய் பயத்தால் மட்டும் இம்ப்ளான்ட்டை அகற்ற வேண்டியதில்லை என்றுதான் எஃப்டிஏ சொல்கிறது. அகற்றும் அறுவை சிகிச்சைக்கும் அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. ஆனால் பீதியைத் தணிப்பதும் கணக்குதான். 1990-களில் சிலிகோனால் மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்கள் வருகின்றன என்று அமெரிக்காவில் பெரும் அச்சம் பரவியது. வழக்குகள் குவிந்து டவ் கார்னிங் நிறுவனம் 1995-ல் திவால் மனு கொடுத்தது. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசிய அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பு, அப்படி ஒரு தொடர்புக்கு ஆதாரமில்லை என்றும், உறை இறுகுவது, கிழிவது, மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படுவது ஆகியவையே உண்மையான கவலைகள் என்றும் 1999-ல் தெளிவுபடுத்தியது. தொடக்கத்திலிருந்தே பதிவேடு இருந்திருந்தால் இந்த விடை பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்கும். இன்றும் சில பெண்கள் இம்ப்ளான்ட் வைத்த பின் தீராத சோர்வு, மறதி, மூட்டுவலி என்று சொல்கிறார்கள். அகற்றிய பின் சிலருக்குக் குறைகிறது. 2021-ல் எஃப்டிஏ கட்டாயமாக்கிய எச்சரிக்கையில் இந்த அறிகுறிகளும் இடம்பெற்றன. இவை இம்ப்ளான்ட்டால் வந்தவையா, வேறு காரணங்களா என்ற கேள்விக்கு நம்பிக்கை, அவநம்பிக்கை இரண்டாலும் விடை கிடைக்காது.

அந்தரங்கம் பற்றிய கவலையை நான் மிகவும் மதிக்கிறேன். பிரிட்டனின் முதல் பதிவேடு அதனால்தான் வீழ்ந்தது. புதிதாகச் செய்யப்படும் சிகிச்சைகளைப் பதிவு செய்ய 2015-ல் தொடங்கிய பதிவேட்டில் நெதர்லாந்து வேறு வழியைப் பின்பற்றியது. எல்லோருடைய விவரமும் தானாகப் பதிவாகும். வேண்டாம் என்று சொல்பவருடையது மட்டும் நீக்கப்படும். பதிவேட்டைப் பயன்படுத்தும் ஆய்வாளருக்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை. பொருள் திரும்பப் பெறப்படும்போது, மருத்துவமனை மட்டும் எண்ணைக் கொண்டு ஆளை அடையாளம் கண்டால் போதும். தகவல் கசிந்தால் கடும் தண்டனை என்பதையும் சட்டத்திலேயே எழுதலாம். செலவு அதிகம் என்ற வாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியிலும் வரிசை எண்ணோடு ஸ்டிக்கர் வருகிறது. அந்த எண்ணைக் கணினியில் ஏற்றச் சில நிமிடங்கள் ஆகும்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பையும் இம்ப்ளான்ட் சிகிச்சையையும் இலவசமாகச் செய்யும் மையத்தை மாநில அரசு தொடங்கியது. வசதியுள்ளவர்களுக்குக் கிடைப்பது ஏழைப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் பாராட்டுக்குரியது. ஆனால் சிகிச்சை இலவசமென்றால் ஆறாம் ஆண்டு ஸ்கேனும் அதில் சேர வேண்டும். திரும்பி வரப் பேருந்துக் காசைக் கணக்குப் பார்க்கும் பெண்ணிடம், தனியாரில் எம்ஆர்ஐ எடுத்து வாருங்கள் என்று சொல்வதில் பொருளில்லை. பதிவேடு நடத்துவது இந்த மாநிலத்துக்குப் புதிதுமல்ல. அடையாறு புற்றுநோய் மையம் 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்க் கணக்கைப் பராமரிக்கிறது. உறுப்பு மாற்றுக்கான காத்திருப்போர் பட்டியலை மாநில ஆணையம் நடத்துகிறது. தனியார் மருத்துவமனைகளும் அதற்குக் கட்டுப்படுகின்றன. கர்ப்பத்தைப் பதிவு செய்து ஆர்சிஹெச் எண் வாங்காவிட்டால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் பெறுவதில் சிக்கல் என்ற அளவுக்கு ஒவ்வொரு கர்ப்பிணியையும் கணக்கில் கொண்டுவந்த நிர்வாகம் இது. அரசு மருத்துவமனைகளில் வைக்கப்படும் மார்பக இம்ப்ளான்ட் ஒவ்வொன்றையும் பதிவு செய்யச் சுகாதாரத் துறை இன்றே ஆணையிடலாம். தனியார் மருத்துவமனைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது அதையே நிபந்தனையாக்கலாம். மத்திய அரசு தேசியப் பதிவேடு தொடங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அதுவரை, ஏற்கெனவே இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையிடம், இம்ப்ளான்ட்டின் நிறுவனப் பெயர், மாடல், வரிசை எண், வைத்த தேதி ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைக் கைபேசியில் படம் எடுத்து, நீங்கள் நம்பும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மேமோகிராம் எடுக்கப் போகும்போது, படம் எடுப்பவரிடம் முதலிலேயே இம்ப்ளான்ட் இருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்கென்று கூடுதல் கோணங்களில் படம் எடுக்க வேண்டும். வைத்து ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் ஓர் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பாருங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், உள்ளிருந்து எடுக்கும் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.